பிடி அரிசி மைதானம்

ஸ்ரீரங்கம்,
8-3-1959

சிரஞ்சீவி ரெங்கராஜுக்கு அம்மா ஆசி கூறி எழுதுவது. இங்கே நான் யார் கையையும் பிடிக்காமல் நடமாடிக்கொண்டு சுகமாகவே இருக்கிறேன். நீயும் மருமகளும் குழந்தைகள் இருவரும் ஜாம்ஷெட்பூர்க் குளிரைத் தாண்டி நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அப்படியே இருக்க வேண்டும் என்று அரங்கநாதரையும் மலைக்கோட்டைத் தாயுமானவரையும் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

உறையூரிலிருந்து உன் சித்தி அழகம்மாள் உனக்கு எழுதியது தவறு. நான் வீடு வீடாகப் போய் அரிசிப் பிச்சை எடுக்கவில்லை. "ஓவர்சியர் பெண்டாட்டி தெருத் தெருவா அரிசிக்கு நிக்கிறாளாம், மகன் பணம் அனுப்புறானோ இல்லையோ" என்று அவள் கல்யாண வீட்டில் சொன்னது என் காதுக்கும் வந்தது. நீ அதை நம்பி என்னிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் "உடனே நிறுத்துங்கள், என் மானம் போகிறது" என்று இரண்டே வரி எழுதினாய். அந்த இரண்டு வரியிலும் ஒற்றெழுத்து விட்டிருக்கிறது, அது வேறு விஷயம். நீ மாதா மாதம் அனுப்புவது தவறாமல் வருகிறது, எனக்கு ஒரு குறையும் இல்லை என்று அவளிடமே நேரில் சொல்லிவிட்டேன். "அப்போ எதுக்குக்கா இந்த வேலை உனக்கு? ராமா கிருஷ்ணான்னு இருக்கக் கூடாதா?" என்றாள். அந்தக் கேள்விக்குப் பதிலாக உனக்கு முழுவதையும் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம் வீட்டுக்கு வடக்கே இருக்கும் மங்கையர் பள்ளியின் கமிட்டியில் உன் அப்பா இருந்த இடத்தில் பேருக்கு என்னை வைத்திருக்கிறார்கள் அல்லவா, அங்கே நான் ஒருத்திதான் பெண். போன ஐப்பசி மழை விட்டு ஒரு வாரம் கழித்து அந்தப் பள்ளி மைதானத்தில் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்த வெள்ளையம்மாள் என்கிற பெண், பந்தைப் பார்த்துப் பின்னாலேயே ஓடிப் புல் மூடியிருந்த பள்ளத்தில் கால் வைத்துக் கணுக்காலை முறித்துக்கொண்டாள். பதினான்கு வயது, பத்துப் பள்ளிகள் கலந்துகொண்ட பந்தயத்தில் போன வருஷம் கோப்பை வாங்கிக் கொடுத்தவள். அவள் அப்பா பிச்சைமுத்து பொன்மலைப் பட்டறையில் ஃபிட்டர், தினமும் திருவானைக்கோவிலிலிருந்து சைக்கிளில் போய் வருகிறவர், அந்தச் சைக்கிளிலேயே பெண்ணை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மறு வாரமே பெற்றோர் பலர் மனு எழுதிவிட்டார்கள். "பொம்பளைப் பிள்ளைக்குக் கால் போச்சுன்னா யாரு கட்டிக்குவா? கும்மி கோலாட்டம் போதும்" என்று ஒருவர் கூட்டத்தில் எழுந்து சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள். கமிட்டிக் காரியதரிசி அதற்குக் காத்திருந்தவர் போல, மைதானத்தை ஒரு மரக் கடைக்காரருக்குக் கட்டை அடுக்கக் குத்தகைக்கு விட்டுவிடலாம், பெண்களுக்கு விளையாட்டுப் பாடத்தையே எடுத்துவிடலாம் என்றார். நான் எழுந்து, பள்ளம் இருந்தால் பள்ளத்தை மூட வேண்டும், மைதானத்தையே மூடக் கூடாது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "பேச்சு நல்லாத்தான் இருக்கும்மா. மைதானம் போடப் பணம் உங்ககிட்ட இருக்கா?" என்றார். மார்ச் மாதம் முடிவதற்குள் மைதானம் பந்தயம் நடத்தும் தகுதியில் இருந்தால் விளையாட்டு நடக்கும், இல்லையென்றால் ஏப்ரல் முதல் தேதி கட்டை வந்து இறங்கும் என்று தீர்மானம் எழுதி என்னிடமே கையெழுத்து வாங்கினார்கள். நானும் போட்டேன், முழுப் பெயரும் எழுதினேன்.

பணமாகக் கேட்டால் நாலு பெரிய மனிதர்கள் கொடுப்பார்கள், பிறகு மைதானத்துக்கு அவர்கள் பெயரை வைக்கச் சொல்வார்கள். அதனால் பிடி அரிசி என்று முடிவு செய்தோம். உனக்குத் தெரிந்த வழக்கம்தான், ஒவ்வொரு வீட்டிலும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிச் சட்டியில் போட்டு வைப்பது, சனிக்கிழமை சனிக்கிழமை பள்ளிப் பெண்கள் இரண்டு இரண்டு பேராகப் போய் வாங்கி வருவது. முந்நூறு வீடுகளுக்கு மேல் சட்டி வைத்தார்கள். பெண்களை வெறுங்கையோடு அனுப்பிய பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கு மட்டும் நான் போனேன், அதுவும் வாசலில் நின்றுதான் பேசினேன், வெள்ளிக்கிழமையாகப் பார்த்து ஒரு வீட்டுக்கும் போகவில்லை, என்னைப் போன்றவள் எந்த நாளில் எந்த வாசலில் நிற்கலாம் என்பது எனக்கு ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதைத்தான் அழகம்மாள் பிச்சை என்கிறாள். கேட்டது எனக்காக இல்லை, கொடுத்தவர்களும் எனக்காகக் கொடுக்கவில்லை.

இதில் நான் ஒரு தவறு செய்தேன், ஊரே சிரித்தது, நீயும் சிரித்துக்கொள். சித்திரை வீதி, உத்தர வீதி வீடுகளிலிருந்து வந்தது பச்சரிசி. மற்றத் தெருக்களிலிருந்தும் திருவானைக்கோவிலிலிருந்தும் வந்தது புழுங்கலரிசி. முதல் சனிக்கிழமையே டிரில் டீச்சர் ரோஷன் பேகம், பாலக்கரையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், நல்ல பெண், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு நிற்பாள், "பெரியம்மா, ரெண்டு பீப்பாய் வச்சுக்கலாமா?" என்று கேட்டாள். நான் கூடாது என்றேன். இந்தத் தெரு அரிசி, அந்தத் தெரு அரிசி என்று பிரித்துவிட்டால் இன்றைக்கு அரிசி பிரியும், நாளைக்கு ஆட்டத்தில் பெண்கள் பிரிவார்கள், நான் படித்த கான்வென்டில் எல்லாருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே மணி, எல்லாம் ஒன்றாகவே கொட்டுங்கள் என்று உத்தரவு போட்டேன். தைப் பொங்கலுக்குள் ஒன்பது மூட்டை சேர்ந்தது. பெருமையாக மண்டிக்கார நல்லதம்பியை வரச் சொன்னேன். அவர் ஒரு கை அள்ளினார், உள்ளங்கையில் பரப்பினார், என்னைப் பார்த்தார், மறுபடி அரிசியைப் பார்த்தார். "யாரும்மா இதைக் கலந்தது?" என்றார். நான்தான் என்றேன். "இதை உலையில போட்டா பாதி குழைஞ்சு கஞ்சியாயிரும், பாதி நறுக்கு நறுக்குனு நிக்கும். கோழிக்குப் போட்டாக்கூட அது ரெண்டையும் பிரிச்சு வச்சுட்டுத்தான் தின்னும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அறுபத்தாறு வயது வரைக்கும் தினமும் சோறு வடித்தவள் நான். கொள்கையைப் பார்த்தேனே தவிர அரிசியைப் பார்க்கவில்லை.

அன்றைக்கே பள்ளியில் பெண்கள் முறத்தில் போட்டு உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள், ஒரு மாதம் பிரித்தாலும் முடியாது. அப்போது பிச்சைமுத்துவின் மனைவி காளியாயி, பெண் கால்கட்டோடு இருக்கிறாளே என்று பார்க்க வந்தவள், முறத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இம்புட்டு மூஞ்சி? ரெண்டையும் கலந்து ஊறப்போட்டாத்தானே இட்லி தோசை? எங்க வீட்டுல நாங்க கையாலேயே கலக்குறோம், உங்களுக்கு ஊரே கலந்து கொடுத்திருக்கு" என்றாள். ரோஷன் பேகம் அவளைக் கட்டிக்கொண்டாள். நல்லதம்பிக்கு ஆள் அனுப்பினோம், அவரே இரண்டு மூட்டை உளுந்தோடு வண்டியில் வந்து இறங்கி, "அரிசியை வாங்க மாட்டேன்னுதான் சொன்னேன், உளுந்து தர மாட்டேன்னு சொன்னேனா?" என்றார். நாலு தெருவில் ஆட்டுக்கல் ஓயாமல் ஓடியது. தை கடைசியிலிருந்து நாலு ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தையில் பந்தல் போட்டு இட்லியும் தோசையும் விற்றோம், மிஞ்சிய மாவைக் காபி கிளப்காரர்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். நான் இட்லி விற்றேன் என்று அழகம்மாள் அடுத்த கடிதத்தில் எழுதுவாள், அதையும் இப்போதே திருத்திவிடுகிறேன். நான் விற்கவில்லை, வரிசை பார்த்தேன். பட்டறை ஆட்கள் நூறு பேர் ஒரே சமயத்தில் இலையை நீட்டினால் எப்படி? ஒருவர் பின் ஒருவராக நிற்க வைத்தேன், முண்டியவரைக் கடைசிக்கு அனுப்பினேன். ஒருவன் பின்னாலிருந்து, "எங்க ஃபோர்மேன்கூட இப்படி நிறுத்தினதில்லப்பா, இந்தம்மாவை ஒர்க்ஷாப்புக்குக் கூட்டிட்டுப் போனா வாரத்துக்கு ஒரு எஞ்சின் அதிகமா வெளிய வரும்" என்றான். நான் கேட்காதது போல இருந்துகொண்டேன். ஆனால் அவனுக்கு ஒரு இட்லி அதிகம் வைக்கச் சொன்னேன். தேவையான தொகை சேர்ந்தது, அதற்கு மேலும் கொஞ்சம் சேர்ந்தது.

இதற்கு அடுத்து எழுத வேண்டியது எனக்குச் சுலபமாக வரவில்லை, அதனால் வீட்டு விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாடியில் குடியிருக்கும் தபாலாபீஸ்காரருக்கு மாற்றல் வந்துவிட்டது, வைகாசியில் காலி செய்கிறார்கள், அடுத்து யாருக்கு விடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், குடிக்கிறவர்களுக்கும் பாட்டுப் பழகுகிறவர்களுக்கும் இல்லை. என் முழங்கால் காலையில் கொஞ்சம் பிடிக்கிறது, எண்ணெய் தேய்த்தால் விட்டுவிடுகிறது, அதற்காக மருமகள் கவலைப்பட்டு மருந்து அனுப்ப வேண்டாம். பெரியவன் எனக்கு எழுதிய கடிதத்தில் ழகரம் எல்லாம் ளகரமாக இருக்கிறது, தினமும் பத்து வரி எழுத வைத்து நீ பார்த்துக் கையெழுத்துப் போடு. சின்னவளுக்கு அம்மை போட்ட பிறகு தலைமுடி கொட்டினால் பயப்படாதே, தானே வரும். பாலைக் காய்ச்சாமல் கொடுக்காதே. நீ இரவு ஷிப்ட் முடித்து வந்து வெறும் வயிற்றில் காபி குடிப்பதை விடவில்லை என்று மருமகள் எழுதியிருந்தாள், அவள் கோள் சொன்னதாக நினைத்து அவளைக் கடியாதே, நான்தான் கேட்டு எழுதச் சொன்னேன்.

சரி. முதல் ஞாயிற்றுக்கிழமை வசூல் வந்ததுமே மைதான வேலையை மேஸ்திரி வீரமலையிடம் கொடுத்துவிட்டோம், உன் அப்பா காலத்து ஆள், உனக்கு நினைவிருக்கும். பள்ளங்களை வெட்டி, கிராவல் கொட்டி, உருளை போட்டு, இரண்டு பூப்பந்துக் களமும் ஒரு வளையப்பந்துக் களமும் சுற்றிலும் ஓட்டப் பாதையும் அடித்துவிட்டார்கள். பெண்கள் உடை மாற்ற ஓடு போட்ட ஓர் அறையும் எழும்பிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை மண் இறுகுவதற்காகத் தண்ணீர் விட்டார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்கிறது, வடக்கு மூலையில் மட்டும், அந்தப் பெண் விழுந்த அதே மூலையில், தண்ணீர் குட்டையாக நிற்கிறது. ஒரு மழை பெய்தால் பழையபடி மண் உளைந்து பள்ளம் விழும், போட்டதெல்லாம் வீண். நான் வீரமலையைக் கோபித்துக்கொண்டேன், தண்ணீர் ஓடும் வாட்டம் பார்க்கத் தெரியாமல் என்ன மேஸ்திரி என்று கேட்டுவிட்டேன், ரோஷன் பேகத்துக்கு முன்னால், கூலியாட்களுக்கு முன்னால். அவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, கோவிச்சுக்காதீங்க. தண்ணி காலங்காலமா வடக்கால போய் வாய்க்கால்ல விழுந்த தண்ணி. வாட்டம் சரியாத்தான் இருக்கு. செவுரு மறிக்குது" என்றார். எந்தச் சுவர் என்று கேட்டேன். "நம்ம தோப்புச் செவுருதாங்கம்மா. நான்தானே கட்டினேன். அன்னிக்கே தண்ணி போக ரெண்டு துவாரம் விடுறேன்னு கேட்டேன். பாம்பு வரும், வேண்டாம்னு சொல்லிட்டீங்க" என்றார். குரலில் குத்தல் ஒன்றும் இல்லை, நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

எனக்கு அது அடியோடு மறந்துபோயிருந்தது, அவர் சொன்னதும் முழுவதும் ஞாபகம் வந்தது. உன் அப்பா போன மறு வருஷம். மைதானத்துக்கு அண்டையில் உன் பெயரில் அவர் வாங்கிவைத்த தோப்பில் தினம் சாயங்காலம் பந்து வந்து விழும், பெண்கள் வேலியைத் தாண்டிக் குதித்து வந்து சிரித்துக் கூத்தடித்துத் தேடுவார்கள். துக்கம் நடந்த வீட்டாரின் தோப்பில் வந்து இப்படிச் சிரிக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம். தலைமை ஆசிரியைக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதினேன், பிறகு சுவரையும் எழுப்பினேன். பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு ஐப்பசியிலும் அங்கே தண்ணீர் நின்று மண்ணைத் தின்றிருக்கிறது. கமிட்டியில் எழுந்து பள்ளத்தை மூடச் சொன்னேனே, அந்தப் பள்ளத்தை வெட்டியவள் நான். வீரமலையிடம் அத்தனை பேர் முன்னிலையில் கோபித்துக்கொண்டதால் அத்தனை பேர் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய், "அய்யய்யோ, என்னம்மா நீங்க" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இல்லாத வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே குதிரை வண்டி வைத்துக்கொண்டு திருவானைக்கோவிலுக்குப் போனேன். வெள்ளையம்மாளுக்குக் கட்டு அவிழ்த்துவிட்டார்கள், கூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகிக்கொண்டிருந்தாள், இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறாள், ஆனால் ஆடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பிச்சைமுத்து பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். அவர்கள் மூவரையும் உட்காரச் சொல்லி, உன் கால் முறிந்தது என் சுவரால்தான் அம்மா என்று சுற்றி வளைக்காமல் சொன்னேன். பிச்சைமுத்து கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்து முடித்த பிறகும் துடைத்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். காளியாயிதான், "தெரிஞ்சா செஞ்சீங்க, விடுங்க பெரியம்மா" என்றாள். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இனிமே பந்து உங்க தோப்புல விழுந்தா நாங்க வந்து எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள். எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஏறிக் குதிக்கக் கூடாது, வாசல் வழியாக வந்து கேட்டு எடுக்க வேண்டும் என்றேன். "கேட்டுக்கிட்டு நின்னா அதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிருமே" என்றாள். அவள் அப்பா அப்போதுதான் சிரித்தார்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன். சுவரில் இரண்டு துவாரம் போட்டால் போதாது, பன்னிரண்டு வருஷத்தில் தோப்புக்குள் மண் மேடாகிவிட்டது. சுவரில் ஆறடி இடித்து, அங்கிருந்து தோப்புக்குக் குறுக்கே வாய்க்கால் வரைக்கும் நாற்பது கஜ நீளத்துக்கு ஒரு வடிகால் வெட்டி, மேலே கல் பாவ வேண்டும் என்கிறார் வீரமலை. ஐந்து தென்னை போகும். நீ ஓய்வு பெற்றதும் வந்து வீடு கட்ட வேண்டும் என்று வரைபடம் எழுதி அனுப்பினாயே, அந்தக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில்தான் வடிகால் வருகிறது, வேறு வழியாகக் கொண்டுபோக வாட்டம் இல்லை, நானே மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன். வீட்டைக் கிழக்கே தள்ளிக் கட்டலாம், ஆனால் நீ நினைத்த அளவுக்கு வராது. இதை உன்னிடம் மறைக்கவில்லை. செலவு உனக்கு இல்லை, இட்லிப் பணத்தில் மிஞ்சியது அதற்குச் சரியாக இருக்கிறது.

காரியதரிசி இதைக் கேள்விப்பட்டு, "மகன் இடம்தானே அம்மா, நீங்க சொன்னா அவர் தட்டவா போறார்? நாளைக்கே கடப்பாரையைப் போடுங்க, அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். அவருக்கு இப்போது என்ன திடீர் அக்கறையோ தெரியவில்லை, அவர் பேத்தியும் ஓட்டப் பந்தயத்தில் சேர்ந்திருக்கிறாள் என்று ரோஷன் பேகம் சொல்கிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உன் நிலத்தில் உன்னைக் கேட்காமல் ஒரு சுவரைக் கட்டினேன், உன்னைக் கேட்காமலேயே அதை இடிக்கவும் செய்தால் பன்னிரண்டு வருஷத்தில் நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். இந்தக் கடிதம் உனக்கு வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்கும். அன்றே எழுதித் தபாலில் சேர்த்தால் பதினெட்டாம் தேதி வாக்கில் எனக்கு வந்துவிடும். வீரமலைக்கு எட்டு நாள் வேலை. இருபத்தொன்பதாம் தேதி கமிட்டி வந்து பார்க்கிறது. கணக்கு அவ்வளவு இறுக்கமாக இருக்கிறது, ஆனால் முடியும். பெண்கள் இப்போதே வடக்கு மூலையை விட்டுவிட்டுத் தெற்குக் களத்தில் காலையும் மாலையும் ஆடுகிறார்கள், பந்தடிக்கும் சத்தம் நம் சமையலறை வரைக்கும் கேட்கிறது, எனக்கு அதில் வேலை ஓடுகிறது.

நீ முடியாது என்று எழுதினால் அதற்காக நான் வருத்தப்பட மாட்டேன் என்று சொல்ல மாட்டேன், வருத்தப்படுவேன். ஆனால் உன்னைக் குறை சொல்ல மாட்டேன், கமிட்டியில் போய் என் சுவரால் மைதானம் போயிற்று என்று நானே சொல்லிவிடுவேன். அம்மா கேட்டாளே என்பதற்காகச் சரி என்று எழுதாதே. மருமகளோடும் கலந்து பேசு, அந்த வீட்டில் சமைக்கப் போகிறவள் அவள். 

உனக்கும் மருமகளுக்கும் தீர்க்காயுசும் குழந்தைகளுக்கு நல்ல படிப்பும் உண்டாகட்டும். சின்னவளுக்கு என் முத்தம். வெயில் தொடங்குகிறது, ஆலையில் உலைக்குப் பக்கத்தில் நிற்கும் நாட்களில் மோர் கொண்டுபோக மறக்காதே. 

தந்தி வேண்டாம், யாரிடமும் சொல்லியனுப்பவும் வேண்டாம். சரி என்றாலும் முடியாது என்றாலும் உன் கையால் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு எனக்கு ஒரு பதில் கடிதம் அனுப்பு.

இப்படிக்கு
உன் அம்மா
மட்டுவார்குழலி